குடியற்ற வீடுகள்: தட்சிணசித்ராவுக்குச் செல்லுமுன் சில சிந்தனைகள்

பிறர் வீட்டுக்குள் நுழையுமுன் அனுமதி பெற வேண்டும், வீட்டாருக்கு ஸலாம் உரைக்க வேண்டும் என்பது இஸ்லாம் நமக்குக் கற்பித்த வாழ்வொழுக்கங்களுள் ஒன்று. திருக்குர்ஆனின் அந்நூர் அத்தியாயம் இவ்வொழுக்கத்தை வகுக்கும்போதே ஒரு விலக்கையும் உடன் வழங்குகிறது. எவரும் குடியிராத, ஆனால் நமக்கு ஏதேனும் பயன் தரக்கூடிய வீடுகளுக்குள் அனுமதியின்றி நுழைவது குற்றமாகாது என்பது அவ்விலக்கின் சாரம். வழிப்போக்கர் தங்கும் சத்திரங்களையும் வணிகர்களின் கடைகளையும் பாழ்பட்ட கட்டடங்களையும் விரிவுரையாளர்கள் இதற்கு எடுத்துக்காட்டாகக் கூறியுள்ளனர். அருங்காட்சியகம் என்னும் அமைப்பு அவர்கள் காலத்தில் இல்லை. எனினும், நாட்டுப்புற வீடுகளைப் பெயர்த்துக் கொணர்ந்து ஓரிடத்தில் நிறுத்தி வைக்கும் திறந்தவெளி அருங்காட்சியகங்களுக்கு இதைவிடப் பொருத்தமான வரையறை வேறொன்று நமக்குத் தோன்றவில்லை. அவை குடியற்ற வீடுகள், பயனுள்ள வீடுகளும்கூட. அப்பயன் யாது, அதனைப் பெறுவதற்கு நாம் எவ்வாறு ஆயத்தமாக வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வினா.

சென்னைக்குத் தெற்கே ஏறத்தாழ 25 கி.மீ. தொலைவில், கிழக்குக் கடற்கரைச் சாலையில் முட்டுக்காட்டில் அமைந்துள்ளது தட்சிணசித்ரா. குடும்பத்தோடு அங்குச் சென்றுவரத் திட்டமிடுவோர் பெரும்பாலும் எந்த நாளில் விடுமுறை, நுழைவுக் கட்டணம் எவ்வளவு, உணவுக்கு என்ன வழி என்பவற்றையே கேட்கின்றனர். அவை தேவையான கேள்விகளே. செவ்வாய்க்கிழமை அங்கு விடுமுறை என்பதை அறியாமல் சென்று பூட்டிய வாயிலின்முன் நிற்பதில் எவருக்கும் பயனில்லை. ஆயினும் பயணத்துக்கு நிய்யத் உண்டு. எதைக் காணச் செல்கிறோம் என்பதைத் தெளிவாக்கிக் கொள்ளாமல் செல்பவர் பத்து ஏக்கர் நிலத்தைச் சுற்றி நடந்து, சில புகைப்படங்களோடு திரும்பி விடுவார்.

ஒரு வடிவத்தின் பிறப்பு

திறந்தவெளி அருங்காட்சியகம் என்னும் வடிவம் ஐரோப்பாவின் வடகோடியில் தோன்றியது. சுவீடன் நாட்டின் அர்த்தூர் ஹசேலியுஸ் 1872-இல் தாலர்னா வட்டாரத்தில் பயணம் செய்தபோது, உழவர்களின் உடையும் தட்டுமுட்டுச் சாமான்களும் வழக்கங்களும் தம் கண்முன்னே மறைந்து வருவதைக் கண்டார். இருப்புப்பாதையும் தொழிற்சாலையும் நாட்டுப்புறத்தின் முகத்தை மாற்றிக் கொண்டிருந்த காலம் அது. முதலில் பொருள்களைத் திரட்டிய அவர், பின்னர் பொருள் மட்டும் போதாது, அது புழங்கிய வீடும் வேண்டும் என்னும் முடிவுக்கு வந்தார். 1891-இல் ஸ்டாக்ஹோமில் ஸ்கான்சன் திறக்கப்பட்டது. வீடுகள் பலகை பலகையாகப் பிரிக்கப்பட்டு, வேறிடம் கொண்டுசெல்லப்பட்டு, மீண்டும் பொருத்தப்பட்டன. அவற்றுள் அந்தந்த வட்டாரத்து உடையணிந்த மனிதர்களும் நிறுத்தப்பட்டனர்.

இவ்வடிவத்தின் பெருமையும் குறையும் அதன் பிறப்பிலேயே அடங்கியுள்ளன. எதனைத் தொழில்மயம் அழித்ததோ அதனைத் தொழில்மயத்தால் வளம்பெற்ற நகரமே பாதுகாக்க முன்வந்தது. நாட்டுப்புறத்தான் தன் வீட்டைத் துறந்து நகருக்குப் பிழைக்க வந்தான். அவனுக்குப் பின்னே அவன் வீடும் நகருக்கு வந்து சேர்ந்தது. வந்தவன் நெருக்கடியான குடியிருப்பில் வாழ, வந்த வீடோ புல்வெளி நடுவே காட்சிப் பொருளாயிற்று. இந்த முரணை மறந்துவிட்டு எந்த நாட்டுப்புற அருங்காட்சியகத்தையும் நாம் வாசிக்க இயலாது.

தட்சிணசித்ராவின் சாதனை

1984-இல் தொடங்கப்பட்ட சென்னைக் கைவினை அறக்கட்டளை, டெபோரா தியாகராஜனின் முன்முயற்சியால் இம்மையத்தை உருவாக்கி, 1996 டிசம்பரில் மக்களுக்குத் திறந்தது. இடத்தின் அமைப்பில் லாரி பேக்கரின் கைவண்ணம் உண்டு. இங்கிலாந்தில் பிறந்து கேரளத்தைத் தம் மண்ணாக்கிக் கொண்டு 2007-இல் மறைந்த அக்கட்டடக் கலைஞர், செங்கல்லையும் சுண்ணாம்பையும் மரநிழலையும் மதிக்கத் தெரிந்தவர். தமிழ்நாடு, கேரளம், கர்நாடகம், ஆந்திரம் என நான்கு பகுதிகளாகப் பிரிக்கப்பட்ட வளாகத்தில் பதினெட்டு வீடுகள் உள்ளன. செட்டிநாட்டு வணிகரின் வீடு, காஞ்சிபுரத்துப் பட்டு நெசவாளர் வீடு, திருநெல்வேலிப் பகுதி அக்கிரகார வீடு, குயவர் வீடு, புதுப்பள்ளியிலிருந்து வந்த சிரியன் கிறிஸ்தவர் வீடு, இல்கல் நெசவாளர் வீடு, கரையோர ஆந்திரத்தின் வட்டவடிவ வீடு என அவை விரிகின்றன.

இவற்றுள் பல, உரிமையாளர்கள் இடித்து விற்க முனைந்த நிலையில் வாங்கப்பட்டவை. இம்மையம் குறுக்கிடாமல் இருந்திருந்தால் அவற்றின் தூண்கள் பழம்பொருள் வணிகரின் கூடத்துக்கும், கதவுகள் நட்சத்திர விடுதிகளுக்கும், எஞ்சியவை விறகுக்கும் போயிருக்கும். அரசின் அதிகாரத்தால் எழாமல், ஒரு தன்னார்வ அமைப்பின் பொறுமையால் எழுந்தது என்பதும் இதன் சிறப்பு. 1975-இல் ஜகார்த்தாவில் திறக்கப்பட்ட அழகிய இந்தோனேசிய சிற்றுருப் பூங்கா, ஒரு பெருநாட்டின் அனைத்து மாநில வீடுகளையும் அரசின் பெருஞ்செலவில் ஒருங்கே நிறுத்தியது. கட்டப்படும் முன்பே மாணவர்களின் கண்டனத்துக்கு ஆளான திட்டம் அது. அங்கே வீடுகள் நாட்டின் ஒற்றுமையைப் பறைசாற்றும் முத்திரைகளாக நிற்கின்றன. முட்டுக்காட்டு வீடுகளோ பெரும்பாலும் வீடுகளாகவே நிற்கின்றன. இந்த அடக்கம் பாராட்டுக்குரியது.

மண் சுவரின் மௌனம்

இனி நம் விமர்சனத்துக்கு வருவோம். மரத்தூணைக் கழற்றலாம், கருங்கல்லை எண்ணிட்டு ஏற்றலாம், மண் சுவரைப் பெயர்க்க முடியாது. அதனைப் புதிதாக எழுப்பத்தான் இயலும். ஆகவே உலகெங்கும் இத்தகைய அருங்காட்சியகங்களில் தேக்கும் கல்லும் கொண்டு கட்டியவனின் வாழ்வு மூலப்பொருளாகவும், மண்ணும் ஓலையும் கொண்டு கட்டியவனின் வாழ்வு மறுபடைப்பாகவும் வந்து சேர்கின்றன. கூலிக்கு நாற்று நட்டவளின் குடிசை பத்து மழைக்காலம் தாங்காது. அவளது வாழ்வைச் சொல்ல வேண்டிய சாட்சி அவளுக்கு முன்பே கரைந்து விடுகிறது. இதில் எவரையும் குறைகூறுவதற்கில்லை. ஆனால் பார்வையாளர் இதனை அறிந்திருக்க வேண்டும். செட்டிநாட்டு வீட்டின் வழுவழுப்பான தூணைத் தடவும் குழந்தையிடம், இத்தூணைச் சுமந்தவன் எத்தகைய வீட்டில் உறங்கியிருப்பான் என்று கேட்பது பெற்றோரின் கடமை.

இரண்டாவது குறை இன்னும் ஆழமானது. இப்னு கல்தூன் (1332-1406) தம் முகத்திமாவின் ஐந்தாம் அதிகாரத்தில் வாழ்வாதாரங்களையும் கைத்தொழில்களையும் விரிவாக ஆராய்கிறார். உழவு, கட்டடம், தச்சு, நெசவு, தையல், மருத்துவச்சியின் பணி என்று அவர் ஒவ்வொன்றாக எடுத்துரைப்பது, அரசர்களின் வரலாற்றையே வரலாறு எனக் கருதிய காலத்தில் வியப்புக்குரியது. கைத்தொழில் என்பது செயலும் சிந்தனையும் இணைந்த ஒரு 'மலகா' என்கிறார் அவர். மலகா என்பது திரும்பத் திரும்பச் செய்வதால் உள்ளத்திலும் உடலிலும் ஊறிப்போன திறன். நூலைப் படித்து அதனைப் பெற முடியாது; செய்பவரின் அருகிருந்து, கண்டு, செய்தே பெற வேண்டும். நகரம் செழிக்கையில் அது செழிக்கும். நகரம் தேய்கையில் அதுவும் தேயும்.

இவ்வளவுகோலைக் கொண்டு பார்த்தால், வீட்டைக் காப்பது எளிது, மலகாவைக் காப்பதே அரிது என்பது புலனாகும். தட்சிணசித்ரா இதனை அறியாமல் இல்லை. வீடுகளைத் திரும்ப எழுப்ப அந்தந்தப் பகுதிக் கைவினைஞர்களையே அழைத்ததும், சக்கரத்தின் முன் குயவரை அமர்த்தியதும், குழந்தைகளின் கையில் களிமண்ணைத் தந்ததும் அந்த அறிவின் விளைவுகளே. எனினும் பார்வையாளருக்காகச் சுற்றும் சக்கரமும் சந்தைக்காகச் சுற்றும் சக்கரமும் ஒன்றாகா. முன்னதில் பானை நினைவுப் பொருள். பின்னதில் அது ஒரு குடும்பத்தின் அன்றைய உலை. வாழ்வு ஊரில் இருந்தால்தான் திறன் ஊரில் இருக்கும். அதை எந்த அருங்காட்சியகமும் ஈடுசெய்ய முடியாது.

நம் வீடு எங்கே?

முஸ்லிம் வாசகருக்கு இங்கே மூன்றாவது வினா ஒன்று எழும். இவ்வளாகத்தில் நம் வீடு உண்டா? உண்டு. கர்நாடகப் பகுதியில், சிக்மகளூரிலிருந்து கொண்டுவரப்பட்ட ஒரு முஸ்லிம் குடும்பத்தின் வீடு நிற்கிறது. தென்னகத்துப் பண்பாட்டில் முஸ்லிம்களுக்கு இடமுண்டு என்பதை அது தெளிவாகவே அறிவிக்கிறது. ஆனால் தமிழ்நாட்டுப் பகுதியில் தமிழ் பேசும் முஸ்லிமின் வீடு இல்லை. காயல்பட்டினத்து வீடும் இல்லை; கீழக்கரை வீடும் இல்லை; பத்தமடையின் நெசவு வீடும் இல்லை. ஆயிரமாண்டுக்கு மேல் இக்கரையில் வேரூன்றிய ஒரு சமூகத்துக்கு இது சிறிய விடுபடல் ஆகாது.

இதனைக் கண்டு முறையிடுவது எளிது. நாம் அதனைச் செய்யப் போவதில்லை. ஏனெனில் இவ்வில்லாமைக்கு நம் பங்கும் உண்டு. கடந்த நூறாண்டில் நம் சமூக வரலாறு என எழுதப்பட்டவற்றைப் புரட்டினால் கப்பல் வணிகர், பாளையப்பட்டுகளின் படைத்தலைவர், இறைநேசர், மார்க்க மேதை, புலவர், வள்ளல் ஆகியோரே முன்னிற்கின்றனர். உழுத முஸ்லிம், பாய் நெய்த முஸ்லிம், வெற்றிலைக் கொடிக்கால் இட்ட முஸ்லிம், வலை இழுத்த முஸ்லிம் ஆகியோருக்கு அங்கு ஓர் அத்தியாயம்கூட அரிது. நம்மை நாமே கடலும் கடைவீதியும் சார்ந்தவர்களாக மட்டும் சித்திரித்துக் கொண்டோம். நாமே எழுதாத வாழ்வைப் பிறர் கட்டிக் காட்டவில்லை என்று எவ்வாறு குறைகூறுவது?

நம் மரபு எப்போதும் இவ்வாறு இருந்ததில்லை. பதினேழாம் நூற்றாண்டில் உமறுப்புலவர் சீறாப்புராணத்தைப் பாடத் தொடங்கியபோது, காப்பிய மரபையொட்டி நாட்டுப்படலம் அமைத்தார். அரபு நாட்டை வருணிக்கப் புகுந்த அவரது பாடல்களில் மழை பொழிகிறது, வெள்ளம் பெருகுகிறது, வயலில் நாற்று நடப்படுகிறது, நெல் விளைகிறது. மக்காவைச் சூழ்ந்த பாலை தமிழ் மருதமாக மாறி நிற்கிறது. இதனைப் புவியியல் பிழை எனச் சிரித்து ஒதுக்கியவர்களும் உண்டு. நமக்கோ அது வேறொன்றைச் சொல்கிறது. அண்ணல் நபி (ஸல்) அவர்களின் வரலாற்றைச் சொல்ல வந்த புலவர், தாம் கண்ட வயலையும் வரப்பையும் உழத்தியையும் அவ்வரலாற்றின் வாயிலில் நிறுத்தத் தயங்கவில்லை. நாட்டுப்புறம் அவருக்கு மார்க்கத்துக்கு அயலானதாகத் தோன்றவில்லை. அந்தத் துணிவு பின்வந்த நம் உரைநடையாளர்களிடம் குன்றிவிட்டது.

இரு வீடுகள்

தட்சிணசித்ராவில் இல்லாத இரு வீடுகளை நாம் மனத்தளவில் அங்கே எழுப்பிப் பார்ப்போம். முதலாவது, தாமிரபரணிக் கரையை அடுத்த பத்தமடையில் லெப்பைக் குடும்பத்துப் பெண்களின் வீடு. ஆற்றங்கரைக் கோரையை அறுத்து, உலர்த்தி, நீரில் ஊறவைத்து, நூலிழைபோல் கிழித்து, தரையோடு ஒட்டிய தறியில் அமர்ந்து அவர்கள் நெய்யும் பாய், துணியைப்போல் மடிக்கத்தக்கது. மணமக்கள் பெயரை இழையிலேயே பொறித்த பாய் இங்கிருந்து சாதி, சமய வேறுபாடின்றித் தமிழகத்துத் திருமணங்களுக்குச் சென்றுள்ளது. இப்னு கல்தூன் கூறிய மலகா இங்கே தாயிடமிருந்து மகளுக்குப் பாய்கிறது. இவ்வீட்டைக் காட்சிப்படுத்த வேண்டுமாயின் தூணும் உத்தரமும் முக்கியமல்ல. தறியும், ஊறிய கோரையின் வாசமும், நெய்பவளின் குனிந்த முதுகுமே முக்கியம். அவளுக்குக் கிடைத்த கூலி எவ்வளவு என்பதும் அக்காட்சியில் எழுதப்பட வேண்டும்.

இரண்டாவது, காயல்பட்டினத்து வீடு. தெருவை நோக்கி ஆடவருக்கான முகப்பு. உள்ளே செல்லச் செல்லப் பெண்களின் உலகம். வீடுகளுக்கிடையே பெண்கள் புழங்கும் முடுக்குகள். பெருந்தெருவுக்கு வராமலே ஒரு பெண் தன் உறவினர் வீட்டுக்கும் தைக்காவுக்கும் சென்று வரலாம். திருமணத்துக்குப் பின் மணமகன் மனைவியின் வீட்டுக்கு வந்து வாழ்வதும், வீடு மகளுக்கே சேர்வதும் அங்கு நிலவும் வழக்கம். இவ்வீட்டின் பொருள் அதன் சுவர்களுக்குள் அடங்காது. முடுக்கில்தான் அது முழுமை பெறுகிறது. ஒரு வீட்டை மட்டும் பெயர்த்து முட்டுக்காட்டில் வைத்தால் முடுக்கு வந்து சேராது. தெருவையே பெயர்க்க வேண்டும். மேலும், அயலார் பார்வையிலிருந்து மறைப்பதற்கென்றே கட்டப்பட்ட உட்கூடத்தை அனைவர் பார்வைக்கும் திறந்து விடுவது அவ்வீட்டின் இயல்புக்கே மாறானது. ஆகையால் நம் வீடு அங்கே இல்லாமைக்கு ஒரு நியாயமான தடையும் உண்டு: சில வீடுகள் காட்சியாக மறுக்கின்றன.

அவற்றை எங்கே காப்பது? இலக்கியம் ஓரளவு காத்திருக்கிறது. தோப்பில் முஹம்மது மீரானின் 'சாய்வு நாற்காலி', ஒரு பழங்குடும்பத்தின் வீட்டுப் பொருள்கள் ஒவ்வொன்றாக விலைபோவதைக் காட்டுகிறது. 1997-இல் சாகித்திய அகாதெமி விருது பெற்ற அந்நாவலில் வீடு பெயர்க்கப்படுகிறது. ஆனால் அருங்காட்சியகத்துக்கல்ல, வீட்டுத் தலைவனின் சுகபோகத்துக்கு. ஸல்மாவின் 'இரண்டாம் ஜாமங்களின் கதை' (2004) உட்கூடத்தின் மூச்சை நமக்குக் கேட்கச் செய்தது. கீரனூர் ஜாகிர்ராஜாவின் 'மீன்காரத் தெரு', நம் சமூகத்துக்குள்ளேயே இருந்த ஏற்றத்தாழ்வை மறைக்காமல் எழுதியது. இவை குடியுள்ள வீடுகள். இவற்றின் மீது நம்மில் சிலருக்கு மனத்தாங்கல் உண்டு என்பதை அறிவோம். வீட்டுக் குறையை வெளியில் சொல்வதா என்பது அவர்களின் கேள்வி. நம் விடை இதுதான்: குறை சொல்லப்பட்ட வீடு நினைவில் நிற்கிறது, சொல்லப்படாத வீடு இடிபட்டு, அதன் இடத்தில் பன்மாடிக் கட்டடம் எழுந்துவிடுகிறது. அருங்காட்சியகத்தில் வீடு உண்டு, குடி இல்லை. நாவலில் குடி உண்டு, கையால் தொடுவதற்குத் தூண் இல்லை. ஒன்றைப் படித்துவிட்டு மற்றொன்றைக் காணச் செல்வதே சரியான ஆயத்தம்.

பயண ஒழுங்கு

இனி, செல்வோருக்குச் சில யோசனைகள். காலையிலேயே சென்று சேர்தல் நலம். கடற்கரை வெயில் நண்பகலில் கடுமையானது. பதினெட்டு வீடுகளையும் ஒரே மூச்சில் முடிக்க முயல வேண்டாம். நான்கைந்து வீடுகளைத் தேர்ந்து, ஒவ்வொன்றிலும் அமர்ந்து பார்க்க வேண்டும். திண்ணையில் அமராதவர் வீட்டைக் கண்டவர் ஆகார். இயன்றவரை, நாட்டுப்புற வீட்டில் பிறந்து வளர்ந்த ஒரு மூதாட்டியை உடனழைத்துச் செல்லுங்கள். உரலையும் குதிரையும் உறியையும் கண்டதும் அவருள் எழும் நினைவுகளை எந்த விளக்கப் பலகையும் தர இயலாது. குழந்தைகளிடம் மூன்று கேள்விகளைக் கொடுத்தனுப்புங்கள். இவ்வீட்டில் தண்ணீர் எங்கிருந்து வந்தது, யார் சுமந்தார்? பெண்கள் எங்கே அமர்ந்தனர், வெளிச்சம் அங்கே எட்டியதா? இவ்வீட்டுத் திண்ணையைத் தாண்டி உள்ளே வர யாருக்கு அனுமதி இல்லாதிருந்தது? இம்மூன்றாம் கேள்வியை அக்கிரகாரத்தில் மட்டுமன்றி எல்லா வீட்டிலும், நம் வீட்டிலும் கேட்க வேண்டும்.

பயணம் அங்கே முடிந்துவிடலாகாது. முட்டுக்காட்டு உப்பங்கழியைக் கடந்து தெற்கே சிறிது தொலைவு சென்றால் கோவளம் வரும். ஆற்காட்டு நவாபுகளின் காலத்தில் துறைமுகமாக விளங்கிய ஊர் அது. தமீமுல் அன்சாரி (ரலி) அவர்கள் அடங்கியிருப்பதாக நம்பப்படும் தர்காவும், கிறிஸ்தவ மீனவரின் தேவாலயமும், முஸ்லிம் குடும்பங்கள் வாழும் தெருக்களும் அங்குண்டு. அங்குள்ளவை குடியுள்ள வீடுகள். அருங்காட்சியகத்தில் கேட்காமலே நுழைந்த நாம், இங்கே வாயிலில் நின்று ஸலாம் கூறி, அனுமதி கிடைத்தால் மட்டுமே உள்ளே செல்ல வேண்டும். அனுமதி கிடைக்காவிடில் மனம் கோணாமல் திரும்ப வேண்டும் என்பதும் அதே அத்தியாயத்தின் கட்டளையே. இந்த இரு நுழைவுகளுக்கும் இடையிலான வேறுபாட்டை ஒரே நாளில் ஒரு குழந்தை உணருமானால், பயணத்தின் நோக்கம் பாதி நிறைவேறிவிட்டது.

மற்றப் பாதி வீடு திரும்பிய பின் உள்ளது. பூமியில் பயணம் செய்து, முன்சென்றோரின் முடிவைக் கண்டு படிப்பினை பெறுமாறு திருமறை பலவிடங்களில் நம்மை ஏவுகிறது. படிப்பினை பெறுதல் வெறும் பெருமூச்சோடு நிற்பதன்று. உங்கள் ஊரில் இன்னும் இடிபடாத பழைய வீடு எது? அதன் அறைகளுக்கு உங்கள் வீட்டு மூத்தவர்கள் என்ன பெயர் சொல்கின்றனர்? அதைக் கட்டிய கொத்தனும் தச்சனும் எந்த ஊரார்? ஒரு நோட்டுப் புத்தகமும், ஓர் அளவு நாடாவும், ஒரு புகைப்படக் கருவியும், முதியோர் பேச்சைப் பொறுமையாகக் கேட்கும் காதும் இருந்தால் இவற்றைப் பதிவு செய்துவிடலாம். இதற்குப் பெரிய நிறுவனம் வேண்டியதில்லை. ஜமாஅத்துக்கு ஒரு சிறு குழு போதும். அவ்வாறு நூறு வீடுகள் பதிவானால், அவற்றுள் ஒன்றேனும் ஒரு நாள் முட்டுக்காட்டில் தன் இடத்தைக் கேட்டுப் பெறும். பெறாவிடினும் நம் பேரப்பிள்ளைகள் தம் பாட்டி எந்தக் கூடத்தில் அமர்ந்து பாய் நெய்தார் என்பதை அறிவர்.

குடி போனபின் வீட்டைக் காப்பவர்களுக்கு நாம் நன்றி சொல்வோம். குடி இருக்கும்போதே காக்க வேண்டிய வீடுகள் நம் பொறுப்பில் இருக்கின்றன. அப்பொறுப்பை நிறைவேற்ற அல்லாஹ் நமக்கு அருள்புரிவானாக.